கேட்டுக்காரர் கொடுத்த பெயர்

எங்கள் அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. சொன்னதும் கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது என்னோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மனைவி ஒருத்திதான். அவள் வயிற்றில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. அப்படியும் அவர் பேரைச் சொல்ல நூற்றுக்கு மேல் பிள்ளைகள். கணக்கு உதைக்கிறதா? உதைக்கத்தான் செய்யும். அவர் ஒரு குழந்தைகள் இல்லத்து வாசலில் கேட்டுக்காரராக இருந்தவர். நாங்கள் அந்த இல்லத்தில் வளர்ந்தவர்கள்.

பெரிய இரும்புக் கேட், அதற்குள் ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு, பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. அறையில் ஒரு ஸ்டூல், ஒரு கெட்டில், சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணி அவர் தொப்பிக்காக அடித்தது, ஆனால் தொப்பி எப்போதும் அவர் தலையில்தான் இருக்கும். மேனேஜரிலிருந்து பால்காரன் வரை அவரைக் கேட்டுக்காரரே என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவர் மனைவிக்கு அவர் 'என்னங்க'. ஆக, பெற்றவர்கள் வைத்த பெயர் கூப்பிட ஆளில்லாமல் மூலையில் கிடந்தது.

எங்களுக்குச் சொந்தப் பெயர் வைத்தது மேட்ரன். அவள் முறை சுலபமானது. பிள்ளை வந்து சேர்ந்த அன்று அவள் கண்ணில் என்ன பட்டதோ, அது. நான் மழை. எனக்கு முன்னால் வந்தவன் வியாழக்கிழமை. ஒருத்தன் வந்த அன்று ஃபேன் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்றிருக்கிறார். அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டாள். அந்த எலக்ட்ரீஷியன் விஷயம் தெரிந்து பதறிப்போய், மறுநாள் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு விளக்கம் சொல்ல வந்தாராம். மேட்ரனை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றவர்கள் யோசித்து வைக்கிற பெயரில் ஆசை இருக்கும். எங்கள் பெயரில் ஆசை இல்லை, ஆனால் சாட்சி இருந்தது. நீ வந்தாய், அன்று மழை பெய்தது என்று ஒருத்தி பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

குறை பெயரின் பின்பக்கத்தில் இருந்தது. எங்கள் ஊரில் முன்னால் சொந்தப் பெயர், பின்னால் அப்பா வழிக் குடும்பப் பெயர். வாலில்லாத பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: அப்பா பேர் இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது. மேனேஜர் அறையில் கூடிப் பேசியிருக்கிறார்கள். அங்கே நடந்ததை மேட்ரன் பிற்காலத்தில் எங்களுக்கு நடித்தே காட்டுவாள்.

"என் பேரைப் போடலாம்தான்" என்றாராம் மேனேஜர். "வீட்ல ரெண்டு பொண்ணு இருக்கே. நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க இதென்ன இத்தனை புள்ளைன்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கறது?"

வாராவாரம் வந்து பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் பையை எடுத்துக்கொண்டு, வேறு நோயாளி காத்திருப்பதாகக் கிளம்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து, கால் உடைந்த பெஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போக கேட்டுக்காரர் உள்ளே வந்தார். பெஞ்சைப் பாதி தூக்கியவர் அப்படியே நின்று கேட்டிருக்கிறார்.

"என் பேரு சும்மாதான் கிடக்கு. போட்டுக்குங்க" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுய்யா. ஒரு புள்ளைக்கு இல்ல. இருக்கறது, இனிமே வர்றது, அத்தனைக்கும்."

"குடுக்கறதுன்னு ஆனப்புறம் ஒண்ணென்ன, நூறென்ன? தேஞ்சா போயிடும்?"

பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பின்பக்கம் அப்படித்தான் வந்தது. அந்தக் குடும்பப் பெயருக்குக் கிணறு வெட்டுகிறவன் என்று அர்த்தம். அவருடைய முப்பாட்டனார் கிணறு வெட்டிப் பிழைத்தவர். நாங்கள் ஒருத்தரும் மண்வெட்டியைத் தொட்டது கிடையாது. பெயர் மட்டும் கிணற்றடிப் பெயர்.

அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர் மனைவிக்கு, எங்கள் அம்மாவுக்கு, விஷயம் அவர் சொல்வதற்கு முன்பே போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் அப்பா ஆயிட்டீங்க. நல்லது. அம்மா பேர் போடற இடத்துல கோடு போட்டிருக்காங்களாமே. அந்தக் கோடுதான் நானா?"

பத்துப் பதினைந்து நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. அதன்பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவளே கேட்டுக்கு வந்தாள். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த எங்களை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். கைக்கு எட்டிய ஒரு பெண்ணைப் பிடித்து இழுத்து, "எங்க வீட்டுப் பேரை வச்சுக்கிட்டு இந்தத் தலையோடயா சுத்தறே?" என்று திட்டிக்கொண்டே சீவிப் பின்னிவிட்டாள். அந்தத் தலை என்னுடையது. வலியில் உயிர் போனது. அப்படியும் அடுத்த நாளும் போய்க் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன்.

பெயர் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எவனாவது ஜன்னல் கண்ணாடியை உடைத்து, டீச்சர் "போய் உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றால் அவன் நேரே கேட்டுக்கு ஓடி வருவான். அவர் சின்னக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். ஒரே நாளில் மூன்று வகுப்பில் நின்று மூன்று பிள்ளைகளுக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். "மறுபடியும் நீங்கதானா?" என்று ஒரு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்தப் பையன் உங்க பையனா?" என்று கேட்டால், "ஆமா". "இந்தப் பொண்ணு?" "ஆமா". அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை. திரும்பி வரும் வழியில் எங்களைத் திட்டமாட்டார். கேட்டுக்குள் நுழையும்போது, "பேரைக் கெடுத்துடாதீங்கப்பா" என்பார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது சும்மா பேச்சு. அவர் சொன்னபோது அது அவருடைய சொந்தப் பொருள்.

அந்தப் பொருளின் மதிப்பு எனக்கு வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நான் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். பல தேசத்து ஆட்கள் வேலை செய்கிற இடம். எல்லோர் மார்பிலும் பெயர் அட்டை குத்தியிருக்கும். சலவை மெஷின் ஓட்டுகிறவர் ஊரில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், சொந்தப் பெயர் பணிவாகப் பின்னால் நிற்கும். வரவேற்பில் நிற்கிற பெண்ணின் ஊரில் குடும்பப் பெயரே இல்லை. அப்பா பெயரோடு 'மகள்' என்று ஒட்டினால் அவ்வளவுதான், அவள் அண்ணன் பெயரில் 'மகன்' என்று ஒட்டியிருக்கும். கொல்லன், தச்சன், மாவரைப்பவன் என்று தொழிலைப் பெயராகச் சுமக்கிறவர்கள் ஏராளம். பெட்டி தூக்குகிறவனிடம் ஒருநாள் உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "என் கொள்ளுத்தாத்தாவை விலைக்கு வாங்கினவன் பேரு அது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு சமையல்காரர் சொன்னார். அவர் ஊரில் அந்தக் காலத்தில் வாசலில் கிடைத்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரே குடும்பப் பெயர்தானாம். விட்டுவிட்டுப் போனது என்று அர்த்தமாம். அவருக்கே அந்தப் பெயர்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஒரு குழந்தையை யாரோ விட்டுவிட்டுப் போனதை அவர் இன்றும் மார்பில் குத்திக்கொண்டு வெங்காயம் நறுக்கினார்.

அன்று நான் வேலை முடிந்து நேரே அப்பா வீட்டுக்குப் போனேன். சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். வாங்கினவன் பெயர் ஒன்று, விட்டவன் பெயர் ஒன்று. எங்களுடையது கொடுத்தவன் பெயர். மேனேஜர் சோம்பல்பட்டு எங்களுக்கு 'வாசல்' என்றோ 'அனாதை' என்றோ வால் ஒட்டியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இப்போது கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடி என்பது பட்டப்பெயர். சின்னப் பிள்ளையிலேயே தடித்த கண்ணாடி போட்டவள், வளர்ந்ததும் கண்ணாடிக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். எங்களில் பெரும்பாலானவர்களை போலீஸோ ஆஸ்பத்திரியோ கொண்டுவந்து விட்டது. அவளை மட்டும் அப்பாவே கண்டெடுத்தார். விடிகிற நேரம், பால் வண்டிக்குக் கேட்டைத் திறந்தால் காய்கறிக் கூடை ஒன்று. பனியாக இருந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றிக் குழந்தையின் தலைக்கு மாட்டி, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாராம். அதுவரை வெறுந்தலையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் ஒன்று என்றுதான் அவர் சொல்வார். ஆனால் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதா? அவர் மூக்கில் இருந்த கண்ணாடி அவள் அளவெடுத்துப் பொருத்தியது. மூக்கில் அழுந்துகிறது என்று மாதம் ஒருதரம் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடி அழுந்தவும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவள் ஒருநாள் கடைக் கட்டடத்து லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள். திறக்க வந்த மெக்கானிக், விதிப்படி வெளியே இருந்தே, "உள்ள யாருங்க, முழுப் பேர் சொல்லுங்க" என்று கேட்டான். அவள் சொன்னாள். உடனே அவன், "அடக் கடவுளே, நம்ம கேட்டுக்காரர் வீடா?" என்றான். அவனும் எங்கள் இல்லம்தான். ஏழெட்டு வயதில் வந்தவன், ஆண்பிள்ளைகள் கட்டடம் சுவருக்கு அந்தப் பக்கம். இருவரும் அதற்குமுன் பேசிக்கொண்டதே இல்லை. அதற்கப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி பழுதானது.

அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் சிரித்ததில் கெட்டில் மூடி கீழே விழுந்தது. "வெளிய பொண்ணு தேடற அலைச்சல் மிச்சம்" என்றார். எல்லாம் சுபமாக முடிகிறது என்றுதான் நினைத்தோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக ஆகும் என்று யார் கண்டது?

பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. இருவருடைய சான்றிதழ்களையும் பார்த்தாள். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தரே. அண்ணன் தங்கச்சிக்கா கல்யாணம்?"

நான் சாட்சிக்குப் போயிருந்தேன். என் கோபத்தை அடக்கிக்கொண்டு இல்லத்துக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கெட்டவள் இல்லை.

"நான் நம்பறேம்மா. ஆனா சட்டம் நம்பாது. அப்பான்னு ஒரு மனுஷன் உயிரோட இருக்காரு இல்ல? அவரே வந்து, இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் என் புள்ளை இல்லன்னு என் முன்னால வாயால சொல்லணும். அந்த ஒருத்தருக்குப் பேரை எடுத்துடுவோம். அப்புறம் தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்."

யாருக்குப் பெயர் போவது? லிஃப்ட்காரன், "எனக்கே போகட்டும்" என்றான். கண்ணாடி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "மண்டு. உனக்குப் போச்சுன்னா கட்டிக்கிற எனக்கும் போச்சு, பொறக்கறதுக்கும் போச்சு. எனக்குப் போகட்டும். உன்னைக் கட்டினதும் உன் பேரு எனக்கு வந்துடும். போன வழியே திரும்பி வரும்." எங்கள் ஊரில் மனைவிக்குக் கணவனின் குடும்பப் பெயர்தான். மகளாகப் போய் மருமகளாக வருவாள், பெயர் அதேதான். சரியான யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். அப்பாவும் ஆட்டினார்.

குறித்த நாளில் போனோம். அப்பா பழைய யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தொப்பியோடு வந்திருந்தார். அதிகாரி கண்ணாடியைக் காட்டிக் கேட்டாள்.

"ஐயா, இந்தப் பொண்ணு உங்க மகளா?"

"ஆமா" என்றார் அப்பா.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரி, "நல்லா கேட்டுக்குங்க, நிதானமா சொல்லுங்க" என்று மறுபடியும் கேட்டாள். அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் "ஆமா" என்றது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றாள். எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு வாழ்த்தச் சொன்னா கல்யாணத்தையே நிறுத்திட்டு வந்திருக்கீங்க. ஒரு 'இல்ல' சொல்றதுக்கு இவ்வளவு கஷ்டமா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "யாரு கேட்டாலும் ஆமான்னே சொல்லிப் பழகிட்டேன். வேற வார்த்தை வரல" என்றார். பிறகு மெதுவாக, "இவளைப் பெத்தவங்க ஒருதரம் இவ எங்களுது இல்லன்னு வச்சுட்டுப் போனாங்க. ரெண்டாவது தரம் நான் சொல்லணுமா?" என்றார்.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணாடி எழுந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க விட்டுட்டுப் போகறதுக்குச் சொன்னாங்க. நீங்க கட்டிக் குடுக்கறதுக்குச் சொல்றீங்க. எனக்காகச் சொல்லுங்கப்பா. நான் கேட்டுக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது."

இரண்டாவது முறை போனபோது அவர் அறைக்குள் நுழையும் முன்பே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெறுந்தலையில் அவர் மிகவும் வயதானவராகத் தெரிந்தார். அதிகாரி கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்ல. என் பொண்ணு இல்ல."

கண்ணாடி 'எனக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொன்னவள்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், வளையல் அழுந்தித் தடம் விழுந்தது. அதிகாரி பெயரை எடுத்தாள். கல்யாணத்தைப் பதிய ஒரு வாரம் ஆகும் என்றாள். அந்த ஒரு வாரம் அவளுக்கு யார் பெயரும் இல்லை.

அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். வாசலிலேயே காத்திருந்து அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "பேரு வர்ற வரைக்கும் எங்க வீட்ல இருக்கட்டும். பேரு இல்லாத புள்ளைக்கு வீடாவது வேணாமா?" எங்கள் நூறு பேரில் அந்த வீட்டில் தங்கித் தூங்கியவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கல்யாணம் பதிவாகி வெளியே வந்ததும் அவள் அப்பாவைச் சீண்டினாள். "முறைப்படி பார்த்தா இனிமே உங்களை மாமான்னுதான் கூப்பிடணும். கூப்பிடட்டுமா?" எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு அந்த விளையாட்டை அவள் எடுக்கவில்லை, அப்பா என்றே கூப்பிட்டாள். அவர்தான் மாறிப்போனார். கடைக்குப் போய்க் கண்ணாடி அழுந்துகிறது என்று உட்காருவது நின்றுவிட்டது. கேட்டால், "இப்ப சரியா இருக்கு" என்பார். சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் முன்னால் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பது என் எண்ணம். அவள் வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று, விருந்தாளியிடம் பேசுவதுபோல, "வாம்மா, உக்காரு" என்பார். அது அவளை எவ்வளவு வாட்டியது என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தபோது நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. நெருங்கிய உறவு மட்டும், ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். வார்டு வாசலில் ஒரு நர்ஸ் நின்று ஒவ்வொருவரையும் யார் என்று கேட்டாள். மகன், மகள், மகன், மகன், மகள். வராந்தா முழுக்க நாங்கள்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன, விளையாடறீங்களா?" என்றாள். நான் சண்டைக்குப் போனேன். அதற்குள் கண்ணாடியின் முறை வந்தது. அவளிடம் இருந்த பார்வையாளர் அட்டையில் மருமகள் என்று இருந்தது. "மருமகளா? மகன் மகளே இத்தனை பேர் நிக்கறாங்க, நீங்க அப்புறமா வாங்க" என்றாள் நர்ஸ்.

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி பக்கத்து மேஜைமேல் இருந்தது. கையை அசைத்தார். நர்ஸ் உள்ளே போய் அவர் முகத்தருகே குனிந்தாள். நானும் கண்ணாடியும் வாசற்படியில் நின்றோம்.

"இவங்க உங்க மருமகளா, ஐயா?"

அவர் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். மூச்சு வாங்கியது. அவருடைய கண் வாசற்படியில் நின்ற கண்ணாடிமேலேயே இருந்தது.

"அப்ப உங்க பொண்ணா?"

"ஆமா" என்றார். திரும்பவும், "ஆமா" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்து, "எழுதிக்கோம்மா" என்றார்.

நர்ஸ் கையில் காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதிட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.